பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். நேற்று வரை கணீரென்று உறுமிய வண்டி, இன்று ஸ்டார்ட் செய்ததும் டிராக்டர் மாதிரி அதிரும். கீழே குனிந்து பார்த்தால், சைலன்சர் டப்பாவின் மடிப்போரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும்.

எஞ்சினில் இருந்து பின் பம்பர் வரை முழு செட்டையும் நீங்களே மாற்றிவிடலாம். வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. புதியதை மாட்டுவது சுலபம், பழையதைக் கழற்றுவதுதான் பாடு. ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைக்காமல் இரண்டு நாள் ஒதுக்குங்கள். உதாரணம் சொல்லும் இடங்களில் 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைச் சொல்கிறேன், என் கை அதிகம் கறுத்தது அந்த வண்டியில்தான். மற்ற வண்டிகளுக்கும் முறை ஏறக்குறைய இதுவே.

பழையது ஏன் போனது?

புதிய செட் வாங்குவதற்கு முன் பழையதன் அடியில் ஒரு கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். எங்கே உடைந்திருக்கிறதோ அந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

பின் சைலன்சர் மட்டும் இற்றுப்போயிருந்தால் காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அது பின்னால் போய்விடும். நாலு தெரு சுற்றிவிட்டு நிறுத்திவிட்டால், குளிர்ந்த டப்பாவுக்குள் தண்ணீராக மாறித் தேங்கும், கூடவே லேசான அமிலமும் சேரும். எஞ்சினுக்குத் தூரத்தில் இருப்பதால் பின் டப்பாதான் கடைசியாகச் சூடாகும், அதனால் முதலில் போவதும் அதுதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டும் ஓடுகிற வண்டிகளின் சைலன்சர் சீக்கிரம் போவது இதனால்தான்.

முன் குழாயில், மேனிஃபோல்டுக்கு (எஞ்சினின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) கீழே விரிசல் விட்டிருந்தால் அது வேறு வியாதி. எஞ்சின் மவுன்ட் ரப்பரோ கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பரோ செத்துப்போய், கிளட்ச் விடும்போதெல்லாம் எஞ்சின் ஆடுகிறது, குழாய் அதைத் தாங்குகிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் நான் ஒரு முறை புது செட் போட்டேன். நாலாவது மாதம் அதே இடத்தில் அதே விரிசல். பணம் போனதைவிட, அந்த நட்டுகளை மறுபடி கழற்ற வேண்டியிருந்ததுதான் வலித்தது. பானெட்டைத் திறந்து, எஞ்சினைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் முதலில் மவுன்ட் வாங்குங்கள்.

குழாயில் ஓரிடம் மட்டும் தேய்ந்து மின்னினால் அங்கே பாடியிலோ அச்சிலோ உரசியிருக்கிறது. அந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள், மாட்டும்போது தேவைப்படும்.

எந்த உலோகம்?

சாதா இரும்புக் குழாய் மலிவு, சத்தமும் அசல் போலவே இருக்கும், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதன் மேல் அலுமினியம் பூசியது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரண்டு ரகம் அதிகம் வரும். 409 என்பதில் குரோமியம் 11 சதவீதம் அளவில்தான். மேலே பழுப்பாகத் துரு படியும், ஆனால் சட்டென்று ஓட்டை விழாது. 304-ல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் எழுதி விற்றால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 409-ல் நன்றாக ஒட்டும், 304-ல் ஏறக்குறைய ஒட்டவே ஒட்டாது.

அடிக்கடி ஓட்டாத வண்டிக்கு 304 தான் என் தேர்வு. ஒன்று மட்டும், அதன் சத்தம் கொஞ்சம் தகர ஓசையாக இருக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும், எனக்கு இன்னும் பழகவில்லை.

பெரிய விட்டம் உள்ள குழாய் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள். எஞ்சினில் வேறு எதுவும் மாற்றாதபோது கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். குழாய் தடித்தால் உரசாமல் போக இடமும் போதாது.

செட்டோடு சேர்த்துப் பேக்கிங் (இணைப்பு கசியாமல் அடைப்பது), கிளாம்ப், குழாயைத் தொங்கவிடும் ரப்பர்கள், ஸ்டட் (இரண்டு முனையிலும் மரையுள்ள கம்பி), நட்டு எல்லாமே புதிதாக வாங்குங்கள். பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடவே கூடாது.

கையில் இருக்க வேண்டியவை

நாலு ஜாக்கி ஸ்டாண்ட், நல்ல ஜாக்கி, ஆறு முனை சாக்கெட்டுகள், நீளமான எக்ஸ்டென்ஷன், துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், இரும்பு அறுக்கும் ரம்பம், உளி, சுத்தியல், நட்டு பிளக்கும் கருவி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கண்ணாடியை மறந்துவிட்டு மல்லாந்து படுத்தால் முதல் தட்டிலேயே துரு கண்ணில் விழும்.

சாக்கெட் விஷயத்தில் அளவு முக்கியம். எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. அதன் மேல் 13 மி.மீ. சாக்கெட் உட்காரும், பொருந்திய மாதிரியே தோன்றும். இறுகிய நட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும், மூலைகள் வழுக்கி உருண்டையாகிவிடும். அதன் பிறகு அதை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. பன்னிரண்டு முனை சாக்கெட்டையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

வண்டியைத் தூக்குதல்

சமதளம், கான்கிரீட் தரை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் சுற்றப்போகிறீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம், அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

பின் ஸ்டாண்டுகளை எங்கே வைப்பது? பாடிக்குக் கீழே வைத்தால் பின் அச்சு முழுக்கத் தொங்கும். அச்சுக்குக் கீழே வைத்தால் வண்டி ரோட்டில் நிற்கும் நிலையிலேயே இருக்கும். அச்சுக்கு மேலே வளைந்து போகும் குழாயை நுழைக்க முதல் நிலை வசதி. ஆனால் உரசுகிறதா என்று அளந்து இறுக்குவது இரண்டாம் நிலையில்தான். தொங்கும் அச்சை வைத்து அளந்துவிட்டு, ரோட்டில் முதல் பள்ளத்திலேயே 'டங்' என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

இறுகிய நட்டுகள்

உண்மையான வேலை இங்கேதான். மேனிஃபோல்டும் முன் குழாயும் சேரும் இடத்தில் இருக்கும் நட்டுகள் வருடக்கணக்கில் பழுக்கக் காய்ந்து ஆறியவை. எம்ஜிபியில் முன் குழாய் இரண்டாகப் பிரிந்து மேனிஃபோல்டில் சேரும், ஒவ்வொன்றுக்கும் மூன்றாக ஆறு நட்டு இருக்கும். அசலில் அவை பித்தளை நட்டுகள், இரும்பு ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படி. இடையில் யாராவது இரும்பு நட்டு போட்டிருந்தால் அன்றைய நாள் உங்களுடையதல்ல.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், இந்த இடத்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். வேலைக்கு இரண்டு நாள் முன்பே கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளியே நீட்டியிருக்கும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். அந்த அழுக்கின் மேல்தான் நட்டு ஏறி வெளியே வர வேண்டும். பிறகு எண்ணெய் விடுங்கள், காலையிலும் மாலையிலும். ஒவ்வொரு தடவையும் ஸ்டட்டின் தலையில் சிறு சுத்தியலால் 'டிக் டிக்' என்று தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்புங்கள். துரு உடைபடும் சத்தம் 'கிரிக்' என்று வரும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே அரைக்கால் சுற்று, கொஞ்சம் எண்ணெய், மறுபடி வெளியே. கையில் வரும் உணர்வைக் கவனியுங்கள். நட்டு கழன்றால் முதலில் அதிர்ந்து, பிறகு ஒரே சீராக வரும். ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று வந்தால் நட்டு சுற்றவில்லை, ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்று போனால் முறிந்துவிடும்.

அப்படி மெத்தென்று வந்தால் அடுத்த வழி சூடு. நட்டை மட்டும் டார்ச்சால் நன்றாகச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சப்படும், ஆறும்போது இளகும். அருமையான வித்தை, ஆனால் எல்லா வண்டியிலும் முடியாது. எம்ஜிபி எஞ்சினில் கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே, அதே பக்கத்தில் இருக்கின்றன. அங்கே தீயைக் காட்டுவது என்றால் கார்புரேட்டரையும் பெட்ரோல் லைனையும் கழற்றி அப்புறப்படுத்திய பிறகுதான். விட்ட எண்ணெயும் எரியும் என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நான் தீயைத் தொடுவதில்லை, நட்டு பிளக்கும் கருவியை வைத்து நட்டையே இரண்டாக்கிவிடுவேன். புது நட்டு அற்ப விலைதானே.

ஸ்டட் முறிந்தே போனால் மனதைத் தளரவிடாதீர்கள். மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது வெளியே நீட்டியிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வெல்டு செய்து திருப்புவது மிகச் சிறந்த வழி. அந்தச் சூட்டிலேயே பாதி இளகிவிடும். தட்டையாக முறிந்திருந்தால் நட்டநடுவில் குறி போட்டு, சிறு துளையில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். 8 மி.மீ. சாதா மரை என்றால் 6.8 மி.மீ. வரை துளைத்து, மீதிச் சுருளைக் கொத்தி எடுத்து, டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். முறிந்த துண்டைத் துளைக்குள் பிடித்துத் திருகி எடுக்கும் எதிர் மரை எக்ஸ்ட்ராக்டரை நான் கடைசி வரை எடுப்பதில்லை. அது மிகக் கடினமான எஃகு, உள்ளேயே முறிந்தால் டிரில் அதில் இறங்காது. அதோடு லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

பழைய குழாயை இறக்குதல்

முன் நட்டுகள் வந்துவிட்டால் மீதியில் மென்மை தேவையில்லை. பழைய கிளாம்புகளை அறுங்கள், ரப்பர்களைக் கத்தியால் வெட்டுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த குழாய்கள் பிரியாவிட்டால், வெளிக் குழாயை நீளவாக்கில் அறுத்து உளியால் நெம்பினால் விரியும். முழுக் குழாயையே இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பதுதான் எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ரம்பத்தில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போடுங்கள், பெரிய பல் மெல்லிய குழாயில் மாட்டிக்கொள்ளும். கிரைண்டர் வேகம்தான், ஆனால் பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கும் வண்டியின் அடியில் தீப்பொறி பறக்கவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

துண்டுகளை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தரையில் வரிசையாக வைத்துப் புது செட்டைப் பக்கத்தில் கிடத்துங்கள். வளைவுகள், கொக்கிகள், நீளம் மூன்றும் ஒத்துப்போகிறதா? 3 செ.மீ. வித்தியாசத்தை இப்போது கண்டுபிடித்தால் பொருளை மாற்றிக்கொள்ளலாம்.

மேனிஃபோல்டு முகம்

ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகமூடி போட்டு, கையால் சுரண்டுங்கள். கம்பிச் சக்கரம் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மேனிஃபோல்டே வெளியே வந்திருந்தால் அது எஞ்சினோடு சேரும் முகத்தில் இரும்பு ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் பட்டறையில் சமன் செய்ய வேண்டும், தடித்த பேக்கிங் அதற்கு மருந்தாகாது. எம்ஜிபியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எஞ்சினுக்குள் கலவை போகும் இன்லெட், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் ஆகிய இரண்டு மேனிஃபோல்டையும் ஒரே தடித்த வாஷர் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். ஒன்றை மட்டும் சமன் செய்துவிட்டால் இரண்டின் தடிமனும் வேறுபடும், வாஷர் சாய்ந்து உட்காரும், ஒரு பக்கம் கசியும். இரண்டையும் சேர்த்தே சமன் செய்யச் சொல்லுங்கள்.

புது ஸ்டட்டுகளின் மரையில் மரை ஒட்டிப்போகாமல் காக்கும் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசையை மெல்லத் தடவிப் போடுங்கள். நட்டு பித்தளையிலோ செம்பு முலாம் பூசியதாகவோ இருக்கட்டும். பித்தளை மிருதுவானது, காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கினால் மரை உரிந்துவிடும்.

மாட்டுதல்

இங்கே ஒரே ஒரு விதி: எல்லாவற்றையும் தொங்கவிட்டு முடிக்கும் வரை எதையும் இறுக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. குழாய் 3 மீட்டர் நீளம், சராசரியாக 300 டிகிரி சூடேறுகிறது என்று வையுங்கள். சாதா இரும்பு 1 செ.மீ.க்கு மேல் நீளும், 304 ஸ்டெயின்லெஸ் 1.5 செ.மீ. வரை நீளும். எஞ்சின் ஆடுவது தனி. இந்த அசைவுக்கெல்லாம் இடம் கொடுக்கத்தான் ரப்பரில் தொங்கவிடுகிறார்கள். வளைத்து நெம்பி இழுத்து மாட்டிய குழாய் ஒவ்வொரு பயணத்திலும் தன்னையே முறுக்கிக்கொள்ளும், கடைசியில் வெல்டு ஓரத்தில் பிளக்கும்.

முன் குழாயைப் புது பேக்கிங்கோடு ஏற்றி நட்டுகளை விரலால் மட்டும் திருகுங்கள். அடுத்த துண்டு, சைலன்சர், பின் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கோத்து, ரப்பர்களை மாட்டுங்கள். ரப்பர் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். இணைப்புகளில் ஒரு குழாய் மற்றதற்குள் 4 முதல் 5 செ.மீ. நுழைந்திருக்க வேண்டும். கிளாம்புகளைக் கோக்கும்போதே போட்டுவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும் (எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்).

யூ-போல்ட் கிளாம்ப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் குழாயைப் பள்ளமாக நசுக்கிவிடும். அடுத்த முறை பிரிக்க அறுக்கத்தான் வேண்டும். அகலப் பட்டை கிளாம்ப் குழாயைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், பிறகு கழற்றவும் முடியும். நான் பட்டைக்கு மாறி வெகு நாளாகிறது.

இப்போது பின்னால் நின்று பாருங்கள். பின் குழாய் நேராக நிற்கிறதா? அடியில் படுத்து ஒவ்வொரு இடமாக விரலை நுழையுங்கள். பாடி, அச்சு, ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றுக்கும் குறைந்தது 2 செ.மீ. இடைவெளி வேண்டும், பெட்ரோல் லைனுக்கும் பிரேக் லைனுக்கும் அதைவிட அதிகம். குழாயைக் கையால் ஆட்டினால் ஊஞ்சல் போலச் சுலபமாக ஆடி, பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். எந்த ரப்பரும் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கக் கூடாது. திருப்தியான பிறகு முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே போங்கள். முன் நட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேக்கிங் சாய்ந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் குழாயானால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அசிட்டோன் தொட்ட துணியால் முழுக்கத் துடையுங்கள். துடைக்காவிட்டால் உங்கள் கைரேகை அதில் சுட்டு நிரந்தரமாகப் பதிந்துவிடும். அசிட்டோன் காய்ந்து வாடை போகட்டும்.

முதல் ஸ்டார்ட்

வண்டியைத் தரையில் இறக்கி வெளியே தள்ளுங்கள். மூடிய ஷெட்டில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் புகை வரும். தொழிற்சாலையில் தடவிய எண்ணெயும் உங்கள் கை அழுக்கும்தான், ஐந்து பத்து நிமிடத்தில் நின்றுவிடும்.

குழாய் சூடாகும் முன்பே கசிவைத் தேடிவிடுங்கள். தடித்த கையுறை போட்டு, மடித்த துணியால் பின் குழாயைச் சில நொடிகள் அழுத்துங்கள். எல்லாம் சரியென்றால் துணியை மீறிக் காற்று தள்ளும், எஞ்சின் திணறும். எங்காவது கசிந்தால் 'உஸ்' என்று அங்கே கேட்கும். எஞ்சினை ஓட்டாமலே பார்க்கவும் ஒரு வழி உண்டு. வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பின் குழாயில் செருகி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். குழாய் இணைப்பில் சிறு கசிவென்றால் எக்ஸாஸ்ட் பேஸ்ட் தடவி மறுபடி இறுக்கலாம். மேனிஃபோல்டு முகத்தில் பேஸ்ட் வேண்டாம், அங்கே கசிந்தால் கழற்றிச் சரிசெய்யுங்கள். ஏர்கூல்டு போர்ஷே 911 போன்ற வண்டிகளில் எக்ஸாஸ்ட் சூட்டிலேயே கேபினுக்கு வெப்பக் காற்று எடுப்பார்கள். அங்கே எஞ்சினை ஒட்டிய கசிவு நேராக உங்கள் மூக்குக்கே வரும், சிறிதென்று விடாதீர்கள்.

ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, எல்லா நட்டையும் கிளாம்பையும் மறுபடி பாருங்கள். புது பேக்கிங் சூட்டில் அமுங்கும், ஏதாவது ஒன்று நிச்சயம் கால் சுற்று ஏறும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பழைய ஓட்டைக் குழாயோடு டியூன் செய்த கார்புரேட்டர் இப்போது சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பிளக் முனை வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, கறுத்துப் புகை படிந்திருந்தால் அதிகம். நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை ஸ்பேனரோடு அடியில் போய் வாருங்கள். அந்த முறை எதுவும் திரும்பாவிட்டால் பழைய துண்டுகளைத் தாராளமாக எடைக்குப் போடலாம்.